இடுப்பு என்றால் இரண்டு இடம்

வாய்க்காலில் விழுந்த பிறகுதான் எனக்குச் சிலுவார் தேவை என்பது தெளிவாயிற்று. சிலுவார் என்பது நாங்கள் மலாய்க்காரர்களிடமிருந்து எடுத்துக்கொண்ட சொல். துரை அணிந்தாலும் லோரி ஓட்டுகிறவர் அணிந்தாலும், ஆண்கள் காலில் மாட்டுவது எல்லாம் எங்களுக்குச் சிலுவார்தான்.

கிள்ளானுக்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் அது நடந்தது. முழங்கால் ஆழ வாய்க்கால். அகலமும் அதிகமில்லை. தாண்டப்போனபோது சேலைக் கொசுவம் முட்செடியில் மாட்டிக்கொண்டது. ஒரு கால் அக்கரையில், ஒரு கால் இக்கரையில் என்று ஒரு கணம் நின்றுவிட்டு, கையில் இருந்த கண்ணாடிக் குழாய்களோடு உள்ளே போனேன். குழாய்கள் உடைந்தன. காலையிலிருந்து சேர்த்து வைத்திருந்த கொசுப்புழுக்கள் தண்ணீருக்கே திரும்பிப் போய்விட்டன. எனக்கு முழங்கையில் ஒரு கீறல் மட்டும்.

அப்போது நான் கோலாலம்பூரில் மலேரியாக் காய்ச்சலை ஆராயும் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். மிஷன் பள்ளியில் படிப்பு முடிந்ததும் அந்த ஆய்வுக்கூடத்திலேயே பயிற்சி பெற்றேன். கண்ணாடித் தகட்டில் தடவிய இரத்தத்துக்குச் சாயம் ஏற்றுவது, மைக்ராஸ்கோப்பில் பார்த்துக் காய்ச்சல் கிருமியை எண்ணுவது, கொசுப்புழு எந்த இனம் என்று சொல்வது, இவைதான் என் வேலை. மேசை வேலை. சேலை அதற்கு எந்தத் தடையும் செய்யவில்லை.

எங்கள் டாக்டர் வெள்ளைக்காரர். கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களுக்கு ஒரு சிறு குழுவை அனுப்பத் திட்டமிட்டிருந்தார். எந்த வாய்க்காலில் எந்தக் கொசு உற்பத்தியாகிறது என்று அங்கேயே பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். லயம் என்னும் தொழிலாளர் வரிசை வீடுகளில் குழந்தைகளின் விரலில் குத்தி இரத்தம் எடுக்கவும் ஆள் வேண்டும். ஆண்கள் போனால் தாய்மார்கள் பிள்ளைகளைப் படுக்கைக்கு அடியில் ஒளித்துவிடுகிறார்கள். இரண்டு வேலையையும் நான் செய்வேன். என் பக்கத்து மேசையில் ஓர் இளைஞர் இருந்தார். புழுவைப் பார்ப்பதில் எனக்குச் சமமானவர். ஆனால் அவருக்குத் தமிழ் தெரியாது. ஆகவே டாக்டர் என்னைத்தான் சோதனையாக அழைத்துப் போனார். நான் விழுந்தது அந்தச் சோதனையில்.

என்னைக் கைகொடுத்துத் தூக்கிய ஓவர்சியர் நடுவயதுத் தமிழர். அந்தப் பக்கத்துத் தோட்டங்களின் வாய்க்கால் வேலைகளையெல்லாம் அவர்தான் மேற்பார்த்தார். டாக்டரிடம் இங்கிலீஷில், "ஒவ்வொரு வாய்க்காலுக்கும் நான் இந்தப் பெண்ணைத் தூக்கிவிட வேண்டுமா?" என்று கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பித் தமிழில், "கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. கொசுவத்தோட கொசு பிடிக்க முடியாது" என்றார். சிலேடை அவருக்கே பிடித்துப்போய், லோரி வரை சிரித்துக்கொண்டே வந்தார்.

டாக்டர் சிரிக்கவில்லை. அடுத்த மாதம் வேறொரு தோட்டத்துக்குப் போகிறோம், தகுந்த உடையில் வா, யார் கையையும் பிடிக்காமல் நீயே வாய்க்கால்களைத் தாண்டினால் இடம் உனக்கு, இல்லாவிட்டால் அந்த இளைஞருக்கு, என்றார். தகுந்த உடை எது என்று அவர் சொல்லவில்லை. அவர்கள் நாட்டுப் பெண்கள் குதிரைமேல் ஏறப் போடும் உடை அவர் மனதில் இருந்திருக்கும். எனக்குக் குதிரையும் இல்லை, அந்த மாதிரி தைக்கிற கடையும் தெரியாது.

அந்த வேலை எனக்கு வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இருக்கவில்லை. பிறர் கொண்டுவந்து வைக்கும் குழாய்களையே பார்த்துக்கொண்டிருந்தால் புழு தெரியும், தண்ணீர் தெரியாது. புழு வளரும் நிழலும் வெயிலும் தெரியாது. கிள்ளானிலிருந்து ரயிலில் திரும்பும்போது, ஈரச் சேலையோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, தகுந்த உடைக்கு என்னென்ன இலக்கணம் என்று வரிசைப்படுத்தினேன். கால்கள் தனித்தனியாக இருக்க வேண்டும். அட்டை ஏறாமல் கணுக்காலில் மூட வேண்டும். குந்தி உட்கார விட வேண்டும். கை இரண்டிலும் பொருள் இருக்கும்போது தானாக நிற்க வேண்டும். நனைந்தால் கனக்கக் கூடாது.

ஊரில் பெண்கள் அணியும் காலுடைகளை முதலில் பார்த்தேன். சீனப் பெண்கள் ஈயச் சுரங்கத்திலும் கட்டட வேலையிலும் கறுப்புச் சிலுவாரோடுதான் நிற்கிறார்கள். அதில் ஒன்று வாங்கிவந்தேன். இடுப்பில் அகலமான துணியை மடித்து, சுருட்டி, செருகி நிறுத்தும் முறை. நான் நேராக நின்றவரை நின்றது. இரண்டு முறை குந்தி எழுந்ததும் மடிப்பு அவிழ்ந்தது. பிடிக்க மூன்றாவது கை வேண்டியிருந்தது. பஞ்சாபிப் பெண்களின் உடையில் நாடா உண்டு, அவிழாது. ஆனால் நனைந்தால் எத்தனை முழத் துணி என்று எண்ணி அதை விட்டேன்.

பிறகு வீட்டில் இருந்தவை. அண்ணன் ரயில்வே ஆபீசில் கிராணி, கணக்கெழுதும் குமாஸ்தா. வெள்ளை டிரில் துணிச் சிலுவார் வைத்திருந்தான். அவன் குளிக்கும் நேரத்தில் போட்டுப் பார்த்தேன். தொடையில் நின்றுவிட்டது. மேலேயும் வரவில்லை, கீழேயும் போகவில்லை.

"ஏய், அது என் ஆபீஸ் சிலுவார் லா! தையல் விட்டுச்சுன்னா திங்கக்கிழமை நான் உன் சேலையக் கட்டிக்கிட்டுப் போவேன்" என்று கதவுக்கு வெளியிலிருந்து கத்தினான்.

அப்பாவின் ரயில்வே காக்கி இன்னும் பெரியது. அவருக்குத் தொப்பை உண்டு. அது சுலபமாக ஏறியது. பின்பக்கம் சரியாக உட்கார்ந்தது. ஆனால் மேலே என்னைப்போல் இன்னொருத்தி நிற்க இடம் இருந்தது. பெல்ட்டை இறுக்கினேன். துணி சுற்றிலும் சுருண்டு நின்றது. அம்மா பார்த்துவிட்டு, "அரிசி மூட்டைக்கு வாய் கட்டின மாதிரி இருக்கு" என்றார்.

என் உடம்பைப் பற்றிச் சொல்லாமல் மேற்கொண்டு எழுத முடியாது. நாடா கட்டும் இடத்தில் நான் சிறியவள். அதற்குக் கீழே பெரியவள். அம்மாவும் அப்படித்தான். சேலையில் இது ஒரு சங்கதியே இல்லை. சேலை யாரிடமும் அளவு கேட்பதில்லை. வெட்டித் தைக்கிற துணிதான் கேட்கிறது.

நாங்கள் கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே குவாட்டர்ஸில் இருந்தோம். தண்டவாளத்துக்கு எதிர்ப்புறக் கடைகளின் முன்னால் ஓடும் அஞ்சடி நடைபாதையில் மிஷின் போட்டிருந்தவர்தான் எங்களுக்குத் தையல்காரர். ரயில்வேக்காரர்களுக்குக் காக்கி, கிராணிமார்களுக்கு வெள்ளை டிரில், பெண்களுக்கு ரவிக்கை என்று தைப்பார். பெண்களை அவர் அளவெடுத்ததே கிடையாது. பழைய ரவிக்கை ஒன்றைக் கொண்டுபோய்க் கொடுப்போம். அதற்கு அளவு ரவிக்கை என்று பெயர். அதை விரித்துவைத்துப் புதியதை வெட்டுவார். தோளில் கொஞ்சம் இறக்கம், கையில் கொஞ்சம் லூஸ் என்று வாயால் சொல்வதோடு சரி.

காக்கித் துணியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனேன்.

"சிலுவார் தைக்கணும் அண்ணே."

"அண்ணனுக்கா, அப்பாவுக்கா?"

"எனக்கு."

மிஷின் நின்றது. "சர்ச்சுல நாடகமா தங்கச்சி?"

"வேலைக்கு. கொசு பிடிக்கிற வேலை."

பெஞ்சில் ஒரு கிராணி சட்டைக்குக் காத்திருந்தார். அண்ணனின் ஆபீஸ்காரர், தெருவில் எல்லாருக்கும் தெரிந்தவர். "ஏன், சேலையப் பாத்தா கொசு பறந்துடுமா?" என்றார். நான் துணியை மிஷின்மேல் வைத்தேன்.

தையல்காரர் துணியைத் தடவிப் பார்த்தார். "நல்ல டிரில். சரி, அளவு சிலுவார் குடுங்க."

அதுதான் முதல் முட்டுக்கட்டை. அளவு ரவிக்கை எல்லாப் பெண்களிடமும் இருக்கும். அளவு சிலுவார் எங்கள் தெருவில் எந்தப் பெண்ணிடமும் இல்லை.

"இல்லையே அண்ணே. இஞ்சுல சொல்றேன், எழுதிக்குங்க."

"சொல்லுங்க. உயரம்?"

சொன்னேன்.

"இடுப்பு?"

"நாப்பது."

பென்சிலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். உடனே பார்வையைத் தரைக்கு மாற்றிக்கொண்டார். "நாப்பதா?"

"நாப்பது."

"சேலைக்கு மேலயே போட்டுக்கப் போறீங்களா?"

"இல்ல அண்ணே, தனியாத்தான்."

"சரி" என்று எழுதிக்கொண்டார்.

அளவை நானே ஆய்வுக்கூடத்து நாடாவால் எடுத்திருந்தேன். மிக அகலமான இடத்தில் எடுத்தேன். துணி அங்கேதானே அடைபடுகிறது. அந்த இடத்துக்குத் தமிழில் இடுப்பு என்றுதான் எனக்குப் பள்ளியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். எலும்புக்கூட்டுப் படத்திலும் அங்கே இடுப்பு எலும்பு என்றுதான் எழுதியிருந்தது.

சிலுவார் வந்தது. போட்டுக்கொண்டு கையை எடுத்தேன். நேராகத் தரைக்குப் போயிற்று. அம்மா அதைத் தூக்கி விரித்துப் பார்த்தார். "இதுக்குள்ள நானும் வரலாம் போலிருக்கே. கொசு பிடிக்கவா, இல்ல கோழி பிடிக்கவா?"

மறுநாள் கடைக்குத் திரும்பக் கொண்டுபோனேன்.

"நீங்கதானே நாப்பதுன்னீங்க?" என்றார் தையல்காரர். "ஒரு பொம்பளப் பிள்ளைகிட்ட உங்க அளவு தப்புன்னு நான் எப்படிச் சொல்றது?"

"இடுப்புன்னா எந்த இடம் அண்ணே?"

"பெல்ட்டுப் போடற இடம். வேற எது?"

அப்படியானால் இருபத்தேழு. சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. "இது இடுப்பு! முதல்லயே இதச் சொல்லியிருக்கலாம்ல?" என்று வேறு துணியில் இரண்டாவதை வெட்டினார். சாக்குப்போல் இருந்த முதல் சிலுவாரை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன்.

இரண்டாவது சிலுவார் அண்ணனுடையதைப் போலவே நடந்துகொண்டது. தொடை வரை வந்து நின்றது. அம்மா பின்னாலிருந்து இழுத்தார், நான் குதித்தேன். காக்கி டிரில் இழுபடாது. நாங்கள் இருவரும் மூச்சு வாங்கிக் கட்டிலில் உட்கார்ந்தோம்.

நாற்பது சொன்னாலும் ஆகவில்லை, இருபத்தேழு சொன்னாலும் ஆகவில்லை. இதற்குள் தேதி வந்துவிட்டது. அடுத்த வியாழக்கிழமை கிள்ளானுக்கு லோரி என்று டாக்டர் சொன்னார். பக்கத்து மேசை இளைஞர் ரப்பர் பூட்ஸ் வாங்கிவந்து மேசைக்கு அடியில் வைத்திருந்தார். என் காலில் அது அடிக்கடி இடித்தது. அவர் நல்ல மனிதர். ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டார்.

மூன்றாம் முறை கடைக்குப் போனபோது நான் கேள்வியை மாற்றினேன்.

"பெல்ட்டுப் போடற இடத்துக்கு இருபத்தேழு வெச்சீங்க. அதுக்குக் கீழ எவ்வளவு வெச்சீங்க?"

"அத நாங்களே நாலு இஞ்சு சேத்துக்குவோம்."

"எல்லாருக்கும் நாலா?"

"எல்லாருக்கும். துரைக்கும் நாலு, உங்கப்பாவுக்கும் நாலு."

"எனக்குப் பதிமூணு வேணும் அண்ணே."

அவர் நூல் கோக்காத மிஷினைச் சுற்றினார். "அது கேக்கிற அளவு இல்ல தங்கச்சி."

"அந்த அளவுக்குப் பேர் என்ன?"

"பேர் இருக்கு. உங்ககிட்டச் சொல்ல முடியாது."

கோபப்பட ஒன்றுமில்லை. அவர் மரியாதைக்காக விட்டுவிடுகிற அளவுதான் எனக்கு வேண்டிய அளவு. ஆண்களிடம் அவர் அந்தச் சொல்லைத் தாராளமாகச் சொல்வார்; நானே கேட்டிருக்கிறேன். என்னிடம் சொல்ல மாட்டார். நானும் அதை அந்தப் பெஞ்சுக்கு முன்னால் சொல்ல முடியாது. செய்யுளில் இடை என்று ஒரு சொல் உண்டு. ஆனால் தையல் கடையில் போய் என் இடை இருபத்தேழு என்று சொன்னால் பார்சல் கட்டும் கூலியாள் வரை சிரிப்பார்கள். ஆக, இரண்டு இடங்களுக்கும் எங்களிடம் பொதுவாக இருந்தது ஒரே சொல்.

மறுநாள் காலை குவாட்டர்ஸ் பொதுக்குழாயில் வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் தன் மகளிடம், "தலையில வேணாம்டி, இடுப்புல வை" என்று குடத்தைத் தூக்கிக் கொடுத்தாள். மகள் குடத்தை இடுப்பில் ஏற்றினாள். தாய் உடனே, "நில்லு, இடுப்புல நாடா தளந்து கெடக்கு" என்று அவள் பாவாடை நாடாவை இறுக்கிக் கட்டினாள். இரண்டு முறையும் இடுப்பு என்றுதான் சொன்னாள். கை மட்டும் இரண்டு வேறு இடத்துக்குப் போயிற்று. ஒன்றுக்கும் மற்றதற்கும் நடுவில் ஒரு சாண் இருக்கும்.

என் குடம் நிறைந்து வழிவதை யாரோ சொல்லித்தான் கவனித்தேன்.

அம்மாவிடம் போய், கடைக்கு என்னோடு வர வேண்டும் என்றேன். நாடா கட்டும் இடம் ஓர் இடுப்பு, குடம் வைக்கும் இடம் இன்னோர் இடுப்பு. இரண்டையும் நீங்கள் சொன்னால் அவர் கேட்டுக்கொள்வார், நான் சொன்னால் மிஷினைச் சுற்றுவார் என்று விளக்கினேன்.

"நான் வந்து என்னத்தச் சொல்ல? பொண்ணு கேட்டு வர்றவங்க எல்லாம் அந்தக் கடையிலதான் சட்டை தைக்கிறாங்க. மாப்பிள்ளை வீட்டுக்கு நெறம் தெரியும், படிப்புத் தெரியும். இது வேற தெரியணுமா?"

"வேலை போயிடும்மா."

"மேசை வேலை இருக்கே."

"மேசை வேலை இருக்கு. அந்த வேலை போயிடும்."

அம்மா கொஞ்ச நேரம் முருங்கைக்கீரையை உருவினார். பிறகு, முழங்கால் வரை இறங்கும் நீளச் சட்டை ஒன்று மேலே போட்டுக்கொள்வதானால் வருகிறேன் என்றார். வெயிலுக்கும் கொசுவுக்கும் அது நல்லதுதான் என்று ஒப்புக்கொண்டேன். கதவைச் சாத்திவிட்டு, பாவாடையின் மேலேயே நாடாவைச் சுற்றி அளவெடுத்தார். இருபத்தேழு. நாற்பது. இரண்டையும் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

கடைப் பெஞ்சில் அதே கிராணி, இன்னொரு பார்சல் சட்டையோடு இருந்தார். அம்மா சேலைத் தலைப்பைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு தொடங்கினார்.

"தம்பி, நாடா கட்டற இடம் இருபத்தேழு."

"சரிங்க அக்கா."

"குடம் வைக்கிற இடம்..." பெஞ்சைப் பார்த்தார். "முப்பத்தாறு."

தையல்காரர் எழுதப் போனார்.

முப்பத்தாறு என்றால் நிற்கும்போது நன்றாக இருக்கும். முதல் வாய்க்காலில் குந்தும்போது பின்தையல் விடும். டாக்டர், ஓவர்சியர், லோரிக்காரர் எல்லாரும் பார்க்க விடும். அதோடு எல்லாம் முடிந்துவிடும்.

"முப்பத்தாறு இல்ல அண்ணே" என்றேன். "நாப்பது."

அம்மா முழங்கைக்கு மேல் கிள்ளினார்.

"நாடா இடுப்பு இருபத்தேழு. குட இடுப்பு நாப்பது. அப்படியே எழுதுங்க."

கிராணி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். தையல்காரர் அவரைத் திரும்பியே பார்க்காமல், "சார், உங்க தொப்பை அளவு என்கிட்ட எழுதியிருக்கு. சத்தமாப் படிக்கட்டுமா?" என்றார். வாய் மூடிக்கொண்டது. அளவுகளைப் பலகையில் சாக்கட்டியால் எழுதினார்: நா. இ. 27, கு. இ. 40. சொல் கிடைத்ததும் அவருக்கும் கூச்சம் போய்விட்டது. குட இடுப்பிலிருந்து முட்டிக்கு எவ்வளவு, நாடா இடுப்பிலிருந்து குட இடுப்புக்கு இறக்கம் எவ்வளவு என்று அவரே மேலும் மேலும் கேட்டார்.

பதின்மூன்று இஞ்சு வித்தியாசத்தைத் துணியில் எப்படி ஒளிப்பது என்பதுதான் அடுத்த சிக்கல். பக்கத் தையலை வளைத்து வெட்டினால் பாதி போகும் என்றார். மீதிக்கு, ரவிக்கையில் மார்புக்குக் கீழே துணியை மடித்துப் பிடிப்பது போலப் பின்னால் பிடிக்கலாமே என்றேன்.

"பின்னாலயா!"

"பின்னால நாலு பிடி. ரெண்டு பெருசு, ரெண்டு சின்னது."

முதலில் பழைய செய்தித்தாளில் வெட்டி ஒட்டிப் பார்த்தோம். பிறகு நான் எடுத்துவந்திருந்த அந்தப் பெரிய சாக்கையே பிரித்து, அதே துணியில் வெட்டினார்.

அம்மாவும் நானும் வீட்டுக்குத் திரும்பினோம். ரயில்வே கேட்டில் வண்டி போகக் காத்து நிற்கும்போது, தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே, "எனக்கு நாப்பத்திரண்டு" என்றார்.

புதன்கிழமை சாயங்காலம் சிலுவார் வந்தது. ஏறியது. பின்னால் உட்கார்ந்தது. மேலே விரல் மட்டும் போக இடம் விட்டு நின்றது. கட்டிலில் ஏறி இறங்கினேன், குந்தினேன், ஒரு காலை ஜன்னல் விளிம்பில் வைத்தேன், இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினேன். எதுவும் அவிழவில்லை, எதுவும் கிழியவில்லை. குனியும்போது முதுகுப் பக்கம் இடைவெளி விழவில்லை. அண்ணன், "துரைசாணி வந்துட்டாங்க, எல்லாரும் எந்திரிங்க" என்றான். அம்மா அவனை அதட்டிவிட்டு, கணுக்கால் பட்டனை இன்னும் ஒரு முறை இறுக்கித் தைத்தார்.

வியாழக்கிழமைத் தோட்டம் முன்னதைவிட மேடுபள்ளமானது. முதல் வாய்க்காலுக்கு முன்னால் ஓவர்சியர் என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். சென்ற முறை போலவே கையை நீட்டினார். நான் அதைப் பிடிக்காமல் தாண்டினேன். திரும்பிப் பார்த்தபோது அவர் கை இன்னும் நீட்டியபடியே இருந்தது. இரண்டாவது வாய்க்கால் அகலமானது. இறங்கி நடந்து ஏறினேன். மூன்றாவதன் ஓரத்தில் குந்தி, வெள்ளை எனாமல் கரண்டியால் தண்ணீரை அள்ளினேன். வெயில் படும் இடத்தில், தண்ணீர்த் தோலுக்கு அடியில் புழுக்கள் படுத்துக் கிடந்தன. தலைகீழாகத் தொங்கினால் அது சாதாரணக் கொசு. படுத்துக் கிடந்தால் நாங்கள் தேடும் மலேரியாக் கொசு. டாக்டரிடம் சொன்னேன். அவரும் பக்கத்தில் குந்திப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார்.

லயத்தில் பெண்கள் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார்கள்.

"யாருடி அது, ஆம்பளையா?"

"கொண்டை இருக்குடி."

"சிலுவாரும் இருக்கே."

"ரெண்டும் இருந்தா டாக்டரம்மாதான்" என்று ஒருத்தி முடிவு சொல்லிவிட்டுத் தன் குழந்தையின் கையை என்னிடம் நீட்டினாள். நான் டாக்டரம்மா இல்லை என்றேன். அதை யாரும் காதில் வாங்கவில்லை. இன்னொருத்தி பின்னால் வந்து துணியை இழுத்துப் பார்த்து, எங்கே தைத்தது என்று கேட்டாள்.

எல்லாவற்றையும் யோசித்து அளந்திருந்தேன், ஒன்றைத் தவிர. சிலுவாரில் பை இல்லை. நீளச் சட்டையிலும் இல்லை. சேலையில் முந்தானையில் முடிந்துகொள்வோம். அந்த வழக்கத்தில் பை என்ற ஒன்று என் நினைவுக்கே வரவில்லை, தையல்காரர் நினைவுக்கும் வரவில்லை. புழு எடுத்த குழாய்கள் கையில் சேரச் சேர, தாண்டுவதற்குக் கை இல்லாமல் போயிற்று. நாலாவது வாய்க்காலின் முன்னால் நின்று யோசித்துவிட்டு, குழாய்களை ஓவர்சியரிடம் நீட்டினேன்.

"உங்க பையில வைங்க அண்ணே. நிமிந்தபடியே இருக்கணும்."

அவர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தார். ஓவர்சியர் குழாய்களை வாங்கிச் சட்டைப் பையிலும், அது நிறைந்ததும் சிலுவார்ப் பையிலும் வைத்துக்கொண்டார். மத்தியானம் வரை என் பின்னாலேயே, கிணுகிணு என்று சத்தம் வராதபடி அடி எடுத்து வைத்து நடந்தார். ஓரிடத்தில் குந்த முடியாமல் நின்றுகொண்டே பார்த்தார். அந்த வாய்க்காலில் மட்டும் அவருக்கு நான் கை கொடுத்தேன்.

லோரிக்குத் திரும்பியதும் ஒவ்வொரு குழாயாக எடுத்துப் பெட்டியில் வைத்தார். கடைசியை வைத்துவிட்டு, முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்:

"இந்தா பாருங்க தங்கச்சி, திங்கக்கிழமை பண்டமாரான் பக்கம் போறோம். அதுக்குள்ள அந்தச் சிலுவார்ல ரெண்டு பை வெச்சிடுங்க. நான் ஒண்ணும் உங்க அலமாரி இல்ல."

டாக்டர் முன்சீட்டிலிருந்து, திங்கட்கிழமை லோரி ஏழு மணிக்கு என்று மட்டும் சொன்னார். மாலையில் கடைக்குப் போனபோது, பை நாடா இடுப்பில் வரணுமா குட இடுப்பில் வரணுமா என்று தையல்காரர் கேட்டார். குட இடுப்பில் வைத்தால் குந்தும்போது குழாய் உடையும். முன் தொடையில் வைக்கச் சொன்னேன், மூடியோடு.